தூசிதான் என்று நான் சொன்னது

அக்கா,

இன்று மதியம் பஜாரில் லேப்டாப் கடைக்காரர் ஒருவர் யாருடைய மெஷினையோ பிரித்துப் போட்டு, பிரஷ்ஷால் தட்டி, உள்ளே இருந்த கரித்தூசியை வாயால் ஊதினார். அது நேராக என் முகத்தில் வந்து அடித்தது. "நெய்வேலி மெஷின்னா அப்படித்தாங்க, எல்லாம் தூசிதான்" என்று வேறு சொன்னார். சார்ஜர் வாங்கப் போனவள் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது, இதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் யாரிடமாவது கொட்ட வேண்டும், உங்களை விட்டால் எனக்கு ஆள் ஏது?

நம் பிளாக்கில் நீங்கள் கீழ் வீடு, நான் மேல் வீடு. நெட் கனெக்‌ஷன் என் வீட்டில். துபாயில் இருந்த உங்கள் மகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் வீடியோவில் பேசுவாள். அதற்காக அவள் விட்டுப்போன பழைய லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மாடி ஏறி வருவீர்கள். அந்தக் கருமம் பிடித்த லேப்டாப்! மூடி வைத்தால் தூங்கும், திறந்தால் விழிக்கும், ஆனால் வயர்லெஸ் கார்டு மட்டும் விழிக்காது. பக்கத்திலேயே மோடம் பச்சையாக மினுக்கிக்கொண்டிருக்கும், இதுவோ நெட்வொர்க்கே இல்லை என்று சாதிக்கும். அணைத்துப் போட்டால் வரும். அணைந்து எழ அதற்குக் கால் மணி நேரம். அதற்குள் உங்கள் மகள் கை கழுவிவிட்டு வேலைக்குத் திரும்பியிருப்பாள்.

வடலூர் கடைக்குக் கொண்டுபோனோம், நினைவிருக்கிறதா? அந்த ஆளும் ஊதினான். ஒரு கைப்பிடித் தூசியைக் காகிதத்தில் கொட்டிக் காட்டினான். ஆன் செய்ததும் வேலை செய்தது. எனக்கு அவன்மேல் பக்தியே வந்துவிட்டது. இந்த ஊரில் அப்படித்தானே! வெள்ளைச் சட்டை கறுத்தாலும் தூசி, மிக்ஸி நின்றாலும் தூசி, பிள்ளை கணக்கில் ஃபெயிலானாலும் தூசி என்று சொல்லிப் பழகிய வாய். மறுநாள் மூடித் திறந்தோம். கார்டைக் காணோம்.

"இந்தச் சனியனத் தூக்கி மைன்ஸ் குழியில கடாசுங்கக்கா" என்று கத்தினேன்.

"இரு அம்மணி, பொறு" என்றீர்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, இருபது வருடம் இங்கே இருந்தும் மாறவில்லை. "அணைச்சுப் போட்டா வருது. மூடித் தொறந்தா வர மாட்டீங்குது. தூசியா இருந்தா ரெண்டுக்குமே வரக்கூடாதல்லோ?"

அடுப்பில் பருப்பு வேகும் நேரம் மூடி வைத்தீர்கள், திறந்தீர்கள். மறுபடி மூடினீர்கள். மூன்று நாள் இதே வேலை. கடைசியில் உள்ளே கருவிகள் பட்டியலில் போய், வயர்லெஸ் கார்டைத் தட்டி, அதன் பவர் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தைக் கண்டுபிடித்தீர்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்து டிக் போட்டிருந்தது. தூங்கும்போது அணைத்த கார்டை எழுப்பத் தெரியாமல் முழித்திருக்கிறது அந்த மக்கு. டிக்கை எடுத்தீர்கள். மூடித் திறந்தோம். நெட் வந்துவிட்டது.

"ஊருக்கே கரண்டு குடுக்கற ஊருல குந்திக்கிட்டு, இது மிச்சம் புடிக்குதாமா!" என்று சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் நின்று, மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அதைப் பார்த்தேன் அக்கா. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"உக்காந்தா செரியாப் போயிருது. நாலு படி ஏறுனா நெஞ்சை அடைக்குது. ஒருக்கா பாண்டிச்சேரி போயி காட்டோணும் அம்மணி. கூட வர்றியா?"

நான் என்ன சொன்னேன்? "இன்னாக்கா, தூசிக்குப் போயி பாண்டிச்சேரியா? இந்த ஊருல யாருக்குத்தான் இல்ல? நான்கூடத்தான் காலையில இருந்து இருமிக்கினு கெடக்கேன். துளசி போட்டு வெந்நீர் குடிங்க, சரியாப்பூடும்."

உண்மை என்னவென்றால், அந்த வெயிலில் கடலூர் போய் பஸ் மாற எனக்கு உடம்பு வணங்கவில்லை. அவ்வளவுதான். லேப்டாப்புக்கு நீங்கள் கேட்ட கேள்வியை உங்கள் நெஞ்சுக்கு நான் கேட்டிருக்கலாம். தூசியாக இருந்தால் உட்கார்ந்தாலும் அடைக்க வேண்டாமா? கேட்கவில்லை. நீங்களும், ஓட்டை லேப்டாப்பை நம்பாமல் மூன்று நாள் குடைந்தவர், என் வாயை நம்பிவிட்டீர்கள். "அப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

இரண்டு வாரம் கழித்து, உங்கள் வீட்டு அண்ணன் மைன்ஸில் முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரம், துணி மடித்துக்கொண்டிருந்தபடியே சரிந்துவிட்டீர்கள். வெகு நாளாகவே இதயத்து வால்வு சரியில்லாமல் இருந்திருக்கும் என்றார் டாக்டர். காட்டியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அவர் அண்ணனிடம் சொன்னதைக் கதவோரம் நின்று கேட்டேன். என்னை நினைத்தால் எனக்கே சீ என்று இருந்தது.

உங்கள் மகள் வந்தாள். காரியம் முடிந்த அன்று மாடி ஏறி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அம்மாவுக்கு எப்பவுமே பிடிவாதம் ஆன்ட்டி. உடம்புக்குன்னா வாயே திறக்க மாட்டாங்க. டாக்டர்கிட்ட போகணும்னு உங்ககிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அந்த நிமிடமே என்னைக் காறித் துப்பியிருப்பாள். துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

"இல்லம்மா" என்றேன்.

மாதம் ஒருமுறை இன்னும் கூப்பிடுகிறாள். என்மேல் வர வேண்டிய கோபம் முழுவதும் உங்கள் மேல் இருக்கிறது அவளுக்கு. ஒவ்வொரு முறையும் போனை எடுக்கும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுக்கிறேன். போன வாரமும் அழுதாள். "பிடிவாதம் பிடிச்சே செத்தாங்க ஆன்ட்டி" என்றாள்.

"ஆமாம்மா, பிடிவாதக்காரிதான்" என்றேன் நான்.