மருந்துக்குத் தப்பிய செல்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜானட், பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் குறைந்ததா? ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்துவிட்டது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் லேபில் ஒரு சின்னக் கூத்து. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஒன்றின் செல்களுக்கு வாரக்கணக்கில் மருந்து கொடுத்தோம். ஏறக்குறைய எல்லாம் செத்துவிட்டன. சில மட்டும் தூங்குவதுபோல் கிடந்தன. மருந்தை நிறுத்தியதும் அந்தச் சில செல்களே பெருகி மறுபடி கட்டியாகிவிட்டன. இவற்றைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல் என்கிறோம். மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சோதனை கெட்டுவிட்டது என்று நினைத்து, பக்கத்து மேசைக்காரி ஓடிவந்து காபி கொடுத்தாள். பயப்படாதீர்கள், உடனே சரியாகிவிட்டேன்.

அம்மா போன பிறகு நீங்கள் கேட்டீர்களே: "ஒரு வேள மாத்திர குடுக்காம வுட்டுட்டேன் பாப்பா, அதனாலதான் அவளுக்குத் திரும்பி வந்துச்சா?" இப்போதுதான் சொல்ல முடிகிறது. அம்மாவின் கட்டியிலும் இப்படிச் சில செல்கள் ஒளிந்திருந்திருக்கும், அப்பா. நீங்கள் மறந்த அந்த ஒரு மாத்திரையால் வந்ததல்ல அது.

பக்கத்து வீட்டு சாண்ட்ரா இங்கே படிக்க வருகிறாளாம். அவளிடம் மீன் குழம்புத் தூள் கொடுத்தனுப்புங்கள். உங்கள் பழைய லுங்கி ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள. போர்வை இருக்கிறது, ஆனாலும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கல்லறைக்குப் போவீர்கள். இனிமேல் மன்னிப்புக் கேட்காதீர்கள். காசிமேட்டில் என்ன மீன் வந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் பாப்பா,
ஜானட்