மோச்சி இடித்த காலை

என்னங்க,

பேர் சொல்லி உங்களைக் கூப்பிட்டதே இல்லை; இப்போதும் அப்படியே இருக்கட்டும். இங்கே கத்தாரில், அல் கோரில் காலையில் மூடுபனி இறங்குகிறது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதற்குள் எங்கேயோ நீங்கள் மெல்ல நடந்துகொண்டிருக்கிறீர்களா?

ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் உங்களோடு வேலை பார்த்த கென்ஜி வீட்டில் இந்தப் புத்தாண்டுக்கும் மோச்சி இடித்தார்கள். பசையரிசியை ஆவியில் வேகவைத்து, மர உரலில் இடித்துச் செய்வார்களே, அந்த ஜப்பான் இனிப்பு. ஒருவர் சுத்தியலால் அடிக்க, ஒவ்வொரு அடிக்கும் நடுவே இன்னொருவர் ஈரக்கையால் மாவைப் புரட்டவேண்டும். நாம் போன முதல் வருஷம் அவர் மனைவி ஹருகோவுக்கு மணிக்கட்டு வலி. சுத்தியலோடு நின்ற நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"நீ வா."

"கை நசுங்கிடுங்க."

"உன் கை வெளிய வந்தாத்தான் அடிப்பேன். வா."

தாலி கட்டிய அன்றுகூட உங்களை நான் அவ்வளவு நம்பியதில்லை. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் நாம்தான்.

டூட்டிக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து நீங்கள் போனபின், ஊருக்கு வந்துவிடு என்றார் அண்ணன். எனக்குப் பள்ளிக்கூட வேலை, நம் மகள் மதிக்குப் படிப்பு. இங்கேயே இருந்துவிட்டோம். போன புத்தாண்டுக்கு ஹருகோ கூப்பிட்டும் போகவில்லை. இந்த முறை அவளே வீட்டுக்கு வந்தாள். ஜப்பானுக்கே திரும்புகிறார்களாம்.

போனோம். கென்ஜி சுத்தியலை எடுத்தார். என் கை உரலுக்குள் போகவில்லை. வேறொருவர் ஓங்கும்போது எப்படி வைப்பேன்? மதி சுத்தியலை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். உங்கள் உயரம் வந்துவிட்டாள், தெரியுமா?

"அம்மா, ரெடியா?"

கையை வைத்துப் புரட்டி எடுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சுத்தியல் விழும் சத்தமே வரவில்லை.

"கண்ணைத் தொறம்மா. நீ பாத்தாத்தான் அடிப்பேன்."

திறந்தேன். அடித்தாள். புரட்டினேன். மறுபடி அடித்தாள். ஆவி எழுந்து அவள் முகத்தை மூடியபோது, எதிரே ஓங்கி நிற்பது யாரென்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. தெரியவும் வேண்டியிருக்கவில்லை. சூடு மாறாத மாவில் இனிப்புப் பயறு வைத்து உருட்டினோம். உங்கள் பங்கையும் நான்தான் தின்றேன்.

கிளம்பும்போது ஹருகோ உரலை எங்கள் வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டாள். அடுத்த புத்தாண்டுக்கு நம் வீட்டில்தான் இடிப்போம். உங்கள் சைட் ஆட்களையெல்லாம் கூப்பிடுவேன். மதி அடிப்பாள், நான் கண்ணைத் திறந்துகொண்டே புரட்டுவேன். இது சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி, மதியின் அம்மா,
கனகா