பதினோரு மணிச் சங்கும் வராத லாரியும்

செவ்வந்தி நகர், ஓசூர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள இளம்பரிதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், இது வழக்கத்துக்காக எழுதும் நலமில்லை, ஆளை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நடக்கிறாய் என்று நம்புகிறேன். நீ சொன்னபடி போனில் அரசாங்க எச்சரிக்கை வரும்படி செய்து வைத்தேன், வேலை செய்கிறதா என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதிக் கதையிலேயே டிக்கெட் போட்டுவிடுவாய், அதனால்தான் கடிதம்.

தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சின்னராஜ், உன் சைக்கிளுக்குக் காற்றடித்துத் தருவானே, அவனுக்கு வேலை போக இருந்தது. பொய் சொல்லி ஒரு தெருவையே பிழைக்க வைத்தது குற்றமாம். அந்தத் தொட்டியின் மேல் போன வருஷம் ஒரு சங்கு வைத்தார்கள், தொழிற்பேட்டையில் ஏதாவது வாயு கசிந்தால் ஊதுவதற்கு. துருப்பிடிக்காமல் இருக்கப் புதன்தோறும் காலை பதினோரு மணிக்குச் சோதனை. நம் ஜனங்கள் எதையும் வீணாக்குவார்களா, மளிகைக்கடை ஜமீர் அகமது பாய் அதற்கு டீ குடிக்கிறார், பக்கத்து வீட்டு ராஜாத்தி அதற்கு உலை வைக்கிறாள், எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த உன் அம்மா அதற்குக் குக்கர் ஏற்றுகிறாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை அந்தத் தொட்டிக்கு அடியிலேயே, தண்ணீரில் கலக்க வைத்திருந்த குளோரின் சிலிண்டர் கசிந்துவிட்டது. சின்னராஜ் உடனே சங்கை ஊதினான். மணி பதினொன்றாக நாலு நிமிடம். ராஜாத்தி, எங்கூட்டு கெடியாரம் நாலு நிமிசம் பின்னாடி ஓடுதுக்கா என்று சொல்லி அதைத் திருத்திவிட்டு உலை வைத்தாள். நான் அரிசி களைந்தேன். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை, நம் தெருவில் அதைப் பெரிய மனிதர்கள் வந்தால்தானே போடுவார்கள், எந்த அமைச்சர் வருகிறாரோ என்று நினைத்தேன். ஒரு கதவும் திறக்காததைப் பார்த்த சின்னராஜ், தொட்டியில் எழுதியிருந்த அவசர எண்ணுக்கு அடித்திருக்கிறான். சூளகிரியில் யாரோ எடுத்து, இது இப்ப என் நம்பருப்பா, தெனம் நாலு பேர் சாக்கடை அடைச்சிக்கிச்சுன்னு கூப்புடறாங்க, நானும் எழுதி வெச்சிக்கினுதான் இருக்கறேன் என்றாராம்.

அப்புறம்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இரண்டு முறை போய்வந்து, யக்கோவ், ஸ்கூல் மேட்டுல தண்ணி லாரி வந்து நிக்குது, லேட்டா போனா கெடைக்காது என்று கத்தினான். நாலே நிமிடத்தில் தெரு காலி. நானும் இரண்டு குடத்தோடு ஓடினேன், ஜமீர் பாய் கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவந்தார். மேட்டில் லாரியும் இல்லை ஒன்றும் இல்லை. ராஜாத்தி, ஏன்டா, எங்களப் பாத்தா கேனச்சிங்களாட்டம் தெரியுதா என்று குடத்தை ஓங்கினாள். அவன் இருமிக்கொண்டே, கீழ போவாதீங்கக்கா, கேஸ் லீக்காயிடுச்சு என்றான்.

நைட் ஷிப்ட் முடித்து வந்த உன் அப்பா ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஒரு வருஷமாக அந்தச் சங்குக்கு அவர் புரண்டுகூடப் படுத்ததில்லை. படித்ததெல்லாம் அப்போது பார்த்து நினைவுக்கு வந்தது, குளோரின் கனமானது, தாழ்வில் தங்கும், தெருவிலேயே தாழ்வான வீடு நம்முடையது. நான் குடங்களைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓட, ராஜாத்தி என் முந்தானையைப் பிடித்து இழுக்க, அந்தச் சரிவில் லுங்கியோடு இருமிக்கொண்டு உன் அப்பா நம் நீல டிரம்மை உருட்டிக்கொண்டு ஏறி வந்தார். ரெண்டு கொடத்த வெச்சிக்கினு எத்தினி நாளைக்கு ஓட்டுவ, டிரம்ம வுட்டுட்டு வந்துட்டியே என்றார். ஊர் பார்க்க அவரைத் திட்டினேன், அழுகையைத் திட்டாகத்தான் மாற்றத் தெரியும் எனக்கு. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆவி பிடித்தார், இப்போது தேறிவிட்டார், பயப்படாதே. தீயணைப்பு வண்டி வந்து சிலிண்டரை மூடியது. நீ கேட்ட எச்சரிக்கையும் வந்தது, மாலை மூன்றரைக்கு, கன்னடத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் இடி இடிக்கும் என்று.

அதற்கடுத்த வாரம் சின்னராஜுக்கு அலுவலகத்திலிருந்து ஓலை, தண்ணீர் லாரி என்று வதந்தி பரப்பிய உன்னை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று. பதிலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். லாரி வரவில்லை என்பது உண்மை, ஆனால் மேட்டில் தாங்கள் நட்ட பலகையில் புதன் காலை 11 மணி தண்ணீர் லாரி என்றுதான் இருக்கிறது, தங்கள் அறிவிப்பைத்தான் நான் உரக்கப் படித்தேன் என்று. அதோடு அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள். மூடியதோடு விடாமல், பலகை பொய்யாகக் கூடாதென்று இந்தப் புதன்கிழமை நிஜமாகவே லாரியை அனுப்பினார்கள். சின்னராஜ் சந்தோஷமாகக் கூவிக்கொண்டு வந்தான். தெரு முழுவதும் படபடவென்று ஜன்னலைச் சாத்தி, மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, நானும்தான். உன் அப்பா மட்டும் டிரம்மை உருட்டிக்கொண்டு போய் நிரப்பி வந்தார். ஏன் போனீர்கள், மறுபடியும் வாயுவாக இருந்தால் என்று கேட்டேன். எதுவா இருந்தா என்ன, அவன் கூப்ட்டா மேட்டுக்குப் போவணும், அவ்ளோதான் என்றார்.

நல்ல காற்றும் நல்ல தண்ணீரும் உனக்குக் குறைவில்லாமல் கிடைக்கட்டும், நீண்ட நாள் நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, அங்கே சங்கு ஊதினால் மணி பார்க்காதே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடு.

உன் அம்மா,
ரூபா