செல்லம்மாவின் முகம்

1960 பெப்ரவரி 9, செவ்வாய்

நாளைக் காலை பஸ்ஸில் என் ஒட்டுப்படம் அட்டன் கண்காட்சிக்குப் போக வேண்டும். போகுமா என்று தெரியவில்லை.

தேயிலைப் பெட்டிப் பலகையில் ஈயத்தாளும் பழைய பத்திரிகைகளும் ஒட்டிச் செய்த படம். நடுவில் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்லம்மாவின் முகம். மண்சரிவில் லயத்து வீடு இடிந்து மகன் இறந்த அன்று அவள் அழுததைக் கொழும்புப் பத்திரிகை முதல் பக்கத்தில், குளியல் சவர்க்கார விளம்பரத்துக்கு மேலே போட்டிருந்தது. அடுத்தவர் கண்ணீரை எப்படி விற்கிறார்கள் என்று காட்டத்தான் அதை விளம்பரத்தோடே வெட்டி ஒட்டினேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பிள்ளைகள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மாலையில் செல்லம்மா கூடையோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். படத்தின் கருத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"பேப்பர்க்காரனத் திட்டுறீங்க, சரிங்க வாத்தியாரய்யா. அதுக்கு நான் ஏன் மறுபடியும் அழுவணும்?"

"பாக்குறவங்க வெக்கப்படணும்மா."

"அவுங்க பாத்துட்டு பஸ் ஏறிருவாங்க. பேப்பராவது மறுநாளு பருப்பு மடிக்கப் போயிருச்சு. நீங்க பலகையில ஒட்டி வச்சிருக்கீங்க. எடுத்துருங்கய்யா."

எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுத்தால் மிஞ்சுவது சவர்க்காரம் மட்டும். தலைமையாசிரியர் வேறு, பரிசு நமக்குத்தான் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

கோதுமை மாவுப் பசை, நன்றாக இறுகியிருக்கிறது. ஈரத்துணியை அவள் கண்களின் மேல் போட்டிருக்கிறேன். ஒரு மூலை எழும்பி, பின்பக்கத்துக் குதிரைப் பந்தய முடிவுகள் தெரிகின்றன. இப்போது இழுத்தால் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.