அது அடுப்புப் புகை இல்லை, ஆத்தா

கண்ணை மூடினாலும் திறந்தாலும் முன்னால் நிற்கிற என் ஆத்தா கௌசல்யா,

உன் அய்யா, உன் அப்பனைப் பெற்றவன் பேசுகிறேன். எழுதுவது உன் அம்மா செல்வராணி. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நான் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன். அவள் எட்டாவது வரை படித்தவள், ஒழுங்குபடுத்தி எழுதிக்கொள்கிறாள். கொரோனாக் காலத்தில் போய்விட்ட பிள்ளைகளுக்காக உன் பள்ளிக்கூடத்தில் ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். வீட்டில் யாராவது நாலு வரி எழுதித் தரவேண்டும் என்று டீச்சர் வந்து கேட்டார். "எனக்குக் கை ஓடாது மாமா, நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றாள் உன் அம்மா. அதனால்தான் நான்.

முதலில் இங்கிட்டுச் சேதி. தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸெல்லாம் பழையபடி ஓடுகிறது. ரோட்டோரம் பெண்கள் முந்திரி வறுத்து உடைத்துப் பொட்டலம் கட்டி, பஸ் நின்றதும் ஜன்னலுக்கு ஓடுகிறார்கள். நம் கொட்டகையில் மட்டும் அடுப்பு இல்லை. நீ எங்களை விட்டுப்போன அந்த வாரமே உன் அம்மா கடப்பாரையால் இடித்துப் போட்டாள். இப்போது புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். உன் அப்பன் இன்னும் சிங்கப்பூரில்தான். உன் கூடப் படித்த பிள்ளை ஒருத்தி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள். சுவரில் உன் படத்தைப் பார்த்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அடுப்பை ஏன் இடித்தாள் தெரியுமா? அதுதான் உன்னைக் கொன்றது என்று அவள் நம்புகிறாள். முந்திரிக்கொட்டை வறுக்கும்போது எண்ணெய் கக்கிக்கொண்டு ஒரு புகை வருமே, கண்ணையும் தொண்டையையும் பிடுங்குகிற புகை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த அந்த வருஷம் உன்னையும் அதன் முன்னால் உட்காரவைத்தாள். அது நெஞ்சை அரித்துத்தான் டிபி வந்தது என்று அவளுக்கு எண்ணம். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போதெல்லாம் உன் அப்பனும் விடுவதில்லை. "ஒன் அடுப்புதாண்டி எம் புள்ளையத் தின்னுச்சு" என்பான். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஆத்தா, எனக்குப் படிப்பு இல்லையே தவிர எதுவும் மறக்காது. அதுதான் இப்போது என்னைப் போட்டு வாட்டுகிறது.

அப்போது வீட்டில் ஒரே போன். டவர் கிடைப்பது என் கட்டில் ஓரத்து ஜன்னலில் மட்டும். நீ பச்சைத் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு என் கால்மாட்டில் உட்கார்ந்து போனுக்குள் பாடம் படிப்பாய். நான் இருமுவேன். மூன்று நான்கு மாதமாகவே எனக்கு இருமல், ராத்திரியில் வேர்வை. புகைக்கு முன்னால் அறுபது வருஷம் இருந்தவனுக்கு இருமல் வராமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். ஒருநாள் டீச்சர் பாடத்தை நிறுத்தி, "யார் வீட்டுல அந்த இருமல்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக் கெடா மிஸ்" என்றாய். போனுக்குள் அத்தனை பிள்ளைகளும் சிரித்தன.

"ஏண்டி, நான் கெடாவா?"

"கெடான்னா சும்மாவா அய்யா? கெடாவுக்குக் கொம்பு இருக்கு. ஒங்களுக்குப் பல்லுகூட இல்ல."

நான் சிரித்தேன். சிரித்ததில் இன்னும் இருமினேன், உன் முகத்துக்கு நேராக. அந்த ஜன்னலோரம், அந்தத் தூரம், எல்லாம் அப்படியே இருக்கிறது எனக்குள்.

கொரோனாக் கணக்கெடுக்க வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார்களே, அது நினைவிருக்கிறதா உனக்கு? காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா என்று ஒரு அட்டையில் குறித்தார்கள். மேலத்தெருவில் கொரோனா வந்த ஒரு வீட்டை யாரும் வெளியே வராதபடி வாசலில் தகரம் அடித்து மூடிய நேரம். எனக்குப் பயம். கொட்டகையில் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "யாருக்கும் இல்லன்னு சொல்லிரு ஆத்தா" என்றேன். வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு இருமலை அடக்கினேன். நீ வாசலில் நின்று கணீரென்று சொன்னாய்: "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லக்கா."

அன்றைக்கு உனக்கும் ஒன்றும் இல்லைதான், இல்லையா? இல்லை, அதற்குள்ளேயே இறங்கிவிட்டதா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு இருமல். சாயங்காலமானால் உடம்பு சுடும். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆனது. நம் தெருவில் வறுக்கிற காலத்தில் இருமாத ஆள் யார்? புகை என்றோம். சனங்கள் ஒதுங்க ஆரம்பித்ததும், கொரோனாவாக இருக்குமோ என்று மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கக் கூட்டிப்போனேன். இரண்டு நாளில் காகிதம் வந்தது. நீதான் படித்தாய். "அய்யா, நெகட்டிவ். நோய் இல்லன்னு போட்டுருக்கு." உன் அம்மா சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினாள்.

அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தண்ணீர்க் குழாயில் உன்னைப் பார்த்து யாராவது முந்தானையால் மூக்கைப் பொத்தினால், எடுத்து நீட்டுவேன். "படிச்சுப் பாரு. எம் பேத்திக்கு எந்த நோயும் இல்ல." ஒரு காகிதத்தை நம்பி அவ்வளவு பெருமையாக நின்றது என் ஆயுசிலேயே அதுதான். நடுவில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அதைத்தான் காட்டினேன். கூட்டம் நெரித்தது. "கொரோனா இல்லல்ல, அப்பறம் என்ன, போங்க" என்று இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நீ ரத்தமாக இருமிய அன்றுதான் புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிய ஒரு டாக்டரம்மா உன் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க? சளிய முன்னாடியே பாத்திருந்தா மாத்திரையிலயே சரியாயிருக்குமே" என்றார். நான் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் படித்தார். "பெரியவரே, இது கொரோனா இல்லைன்னு மட்டும்தான் சொல்லுது" என்றார். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

பன்னிரண்டு நாள் இருந்தாய். உனக்குப் பதினாறு வயது.

இதுவரை உன் அம்மாவுக்கும் தெரியும். இனிமேல் சொல்லப்போவது தெரியாது. எழுது ஆத்தா செல்வராணி, நிறுத்தாமல் எழுது.

நீ போன அடுத்த மாதம் டிபி பார்க்கிற நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். உன் அம்மாவின் சளியையும் என் சளியையும் டப்பாவில் வாங்கிப்போனார், இரண்டு பேரையும் எக்ஸ்ரே எடுக்கவும் வைத்தார். உன் அம்மாவுக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது. நான் ஒண்டியாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இடத்துக்குத் தேடிவந்து சொன்னார். "சின்னப் பிள்ளைகளுக்கு இது தானா வராது பெரியவரே. கூட இருக்கிற பெரியவங்க இருமுற காத்துலதான் வரும். ஒங்க எக்ஸ்ரேல பழைய தழும்பு கெடக்கு. ஒங்களுக்கு ரொம்ப நாளா இருந்திருக்கு."

"எம் மருமககிட்ட சொல்லாத தாயி" என்று அந்தப் பொண்ணு காலைத் தொடப்போனேன்.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். வீட்டில் மூட்டுவலி மாத்திரை என்று சொன்னேன். அந்த மாத்திரைக்கு மூத்திரம் செம்மண் தண்ணீர் மாதிரி போகும். யாரும் பார்க்கக் கூடாதென்று தைலமரக் காட்டுக்குப் போவேன். இருமல் நின்றது. சோறு இறங்கியது. கன்னத்தில் சதை வைத்தது. "கண்ணு பட்டுரும் மாமா, இந்த வயசுல இப்படித் தேறிட்டீங்க" என்று உன் அம்மா எனக்குச் சுற்றிப் போட்டாள் ஆத்தா. மிளகாயும் உப்பும் எடுத்து என் தலையைச் சுற்றிச் சோறாக்குகிற அடுப்பில் போட்டாள். நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.

நான் கொடுத்த நோய். எனக்குக் குணமாகிவிட்டது. நாலு வருஷமாக அவள் அடுப்பைத் திட்டிக்கொண்டு, தன்னைத் திட்டிக்கொண்டு, புருஷனிடம் பேச்சு வாங்கிக்கொண்டு இருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

இந்த இடத்தில் உன் அம்மா பேனாவை வைத்துவிட்டாள். கொல்லைப்பக்கம் போய்விட்டாள். தண்ணீர் மோந்து ஊற்றுகிற சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. வெயில் சுவரில் ஒரு முழம் இறங்குகிற வரை நான் இப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. பயமாகவும் இல்லை. எது நடந்தாலும் சரி என்றிருந்தது.

திரும்பி வந்தாள். முகத்தைத் துடைக்கவில்லை. பேனாவை எடுத்தாள்.

"சொல்லுங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மாமா என்று சேர்க்காமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கு வெறும் சொல்லுங்கதான்.

"எல்லாத்தையும் எழுதுனியா?" என்று கேட்டேன். "எழுதுனேன்" என்றாள். உண்மையாகவே எழுதினாளா, என் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டாளா, கோபத்தில் வேறு எழுதினாளா, எனக்குப் பார்க்கத் தெரியாது. எது எழுதியிருந்தாலும் அவளுக்கு அதற்குப் பாத்தியம் உண்டு.

அவள் என்னை மன்னிக்க வேண்டாம் ஆத்தா. நீயும் வேண்டாம். மன்னித்தால் அதை எங்கே வைத்துக்கொள்வேன்?

ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் நான்தான் எடுப்பேன். உன் அப்பன் வாயைத் திறக்கும் முன்னால், "அடுப்பு இல்லடா, நான்தான்" என்பேன். அதற்கப்புறம் இந்த வீட்டில் எனக்குச் சோறு இருக்குமோ இருக்காதோ. உன் அம்மா மேல் இனி ஒரு சொல் விழாது. நீ திரும்பி வரமாட்டாய். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

"கீழ யாருன்னு போடணும்?" என்று கேட்கிறாள். உனக்கு அய்யா என்று போட்டுக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன். ஏதோ எழுதுகிறாள்.

இப்படிக்கு,
உன் அய்யா கருப்பையா