பச்சை முடிச்சு போட்ட ஸ்வெட்டர்

இல்லை இந்து, யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த மெரூன் ஸ்வெட்டர் உன் பழைய புத்தகப் பெட்டியில்தான் இருக்கிறது. பூச்சி அரிக்காமல் இருக்க உள்ளே கிராம்பு போட்டு வைத்திருக்கிறேன்.

நாங்கள் இங்கே சுகம் கண்ணு, நீயும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பந்தலூரில் ஐப்பசி மழை. துணி காயவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, இருந்தாலும் கடை ஷட்டரை நான் தூக்கினால் கோபம் வருகிறது. போனில் பேசும்போது அவர் பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் எழுதுகிறேன். ஜாபேஸ் சார் மகள் ஸ்டெபி வியாழக்கிழமை கொச்சியில் விமானம் ஏறி உன் ஊருக்குத்தான் வருகிறாள், அவளிடம் ஒரு பார்சல் தருகிறேன். வாழைக்காய் சிப்ஸ், மிளகுப்பொடி, இந்தக் கடிதம்.

போன வாரம் பொள்ளாச்சி வரனைப் பற்றி அப்பா கேட்டபோது, உங்க இஷ்டம் என்றாய். சொன்ன வாய் மூடுவதற்குள் என்னிடம் அந்த ஸ்வெட்டரைக் கேட்டாய். சும்மா கேட்பது போல. அப்பாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

உனக்கு நினைவிருக்கும், கடையின் ஒரு பக்கம் அப்பா ஒயரும் சுவிட்சும் விற்க, இன்னொரு மூலையில் உட்கார்ந்து உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். மழைக்காலத்தில் நனைந்த ஸ்வெட்டர்களையெல்லாம் சத்துணவுக் கூடத்து அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போடுவார்கள். எல்லாம் ஒரே நிறம், எல்லாவற்றிலும் சாம்பார் வாசனை. எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அம்மாக்கள் நாங்கள் ஒவ்வொருவரும் கழுத்துக்கு உள்பக்கம் ஒரு கலர் நூலில் முடிச்சு போட்டுவிடுவோம். உனக்கு மஞ்சள். சேரங்கோட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் காத்தாயி தன் மகன் பாலகுமாருக்குப் போட்டது பச்சை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு நாள் நீ பச்சை முடிச்சோடு வந்தாய், கை நீளம் விரல் நுனி வரை. மாறிப்போச்சும்மா, நாளைக்கு மாத்திக்கறேன் என்றாய். மறுநாளும் பச்சை. அதற்கு மறுநாளும். மாற்றத் தெரியாத அளவுக்கு மக்குப் பெண் இல்லை நீ. கேட்கவில்லை, கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும் உனக்கு. பிறகு நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாய், அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். சண்டை என்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பேச்சு குறைந்தது, நின்றது. அந்த வயதில் அப்படித்தான்.

அவன் திரும்பி வந்துவிட்டான். சேரங்கோடு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். செவ்வாய்க்கிழமை நல்ல மழையில் ஃபேக்டரிக்கு ஒயர் வாங்கக் கடைக்கு வந்தான். கம்பளிக் குல்லாவைக் கழற்றி உதறி, மேசையில் கவிழ்க்காமல் மல்லாக்க வைத்தான். மெரூன் குல்லா. உள்ளே மஞ்சள் முடிச்சு. நான் இடதுகைக்காரி, என் முடிச்சு ஒரு பக்கம் சாய்ந்துதான் விழும், எங்கே பார்த்தாலும் தெரியும். இது யாரு பின்னுனது என்று கேட்டேன். எங்கம்மாங்க ஆன்ட்டி, பழைய ஸ்வெட்டரு சின்னதாப் போச்சு, பிரிச்சுப் பின்னிட்டாங்க என்றான். அந்த நூலு என்றேன். காது சிவந்துவிட்டது. அதை மட்டும் வெட்டாம எடுத்து மறுபடி தைக்கச் சொன்னேங்க, பழைய நூலுக்கு என்னடா இவ்வளவு மரியாதைன்னு அம்மா திட்டுச்சு என்றான். ஒயரை அளந்துகொண்டிருந்த அப்பா இரண்டாம் முறை முதலிலிருந்து அளந்தார்.

பிறகு, இந்து இருக்குற ஊருல ரொம்பக் குளிருங்களா என்று மட்டும் கேட்டான். நம்பர் தரட்டுமா என்றேன். ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டான். இந்து குடுக்கச் சொன்னா குடுங்க ஆன்ட்டி என்றான். குல்லாவை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு குல்லாவைப் பார்த்து வாழ்க்கையை முடிவு செய் என்று சொல்லமாட்டேன். பதினேழு வயதில் உனக்குப் பிடித்த பையனும் இப்போது ஒயர் வாங்க வந்தவனும் ஒரே ஆளா, எனக்குத் தெரியாது. நீயும் அதே பெண் இல்லை. பேசிப் பார்த்தால்தான் தெரியும். பேசிப் பார்த்து இல்லை என்று ஆனாலும் பரவாயில்லை. ஆனால் பேசாமல், உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போகாதே. அந்தப் பொள்ளாச்சிப் பையனுக்கும் அது நல்லதில்லை.

அப்பாவிடம் நானே சொன்னேன். பையன் வேலை சுத்தம்தான் என்றார். அப்புறம், சிலோன்லிருந்து வந்து எஸ்டேட் லயத்து வீட்டுல இருக்கிற குடும்பம், நம்ம ஆளுங்க என்ன சொல்லுவாங்க என்றார். அந்த நம்ம ஆளுங்க யாராவது வந்து கடையில ஒரு பல்பு வாங்கியிருக்காங்களா என்றேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் காபி டம்ளரோடு வந்து, ஏம்புள்ள, குல்லாவை அவனாக் காட்டுனானா, நீயாப் பார்த்தியா என்று கேட்டார். நானாத்தானுங்க பார்த்தேன் என்றேன். ம் என்றார். ஐப்பசி முடிவதற்குள் பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், போனைக் கையில் எடுக்கிறார், வைக்கிறார். உன் வார்த்தைக்குக் காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அவரை அதிக நாள் காக்க வைக்காதே.

வேறு என்ன. பிரெட்டையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு வேளையாவது சோறு. ஸ்வெட்டரை மெஷினில் போடாதே, சுருங்கிவிடும். ஆமாம், அதையும் அனுப்புகிறேன். வேண்டாமென்றால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு. போட்டுக்கொண்டால், நம்பர் தரட்டுமா என்று எனக்கு ஒரு பதில். எதுவானாலும் உன் மனசு நிறைந்து இருக்கட்டும் சாமி, எங்கள் ஆசீர்வாதம் அதற்குத்தான்.

அன்புடன்
அம்மா சுசீலா

எழுதி முடித்தபின் ஸ்வெட்டரை எடுத்து விரித்துப் பார்த்தேன். பச்சை முடிச்சு அப்படியே இருக்கிறது. முழங்கையில் ஒரு ஓட்டை. அதை மஞ்சள் நூலால் தைத்து, பார்சலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன்.