வலக்கண்ணில் வந்த கோடு

அக்கா, உன்னை ஆஸ்பத்திரிதான் கொன்றது. டிராக்டர் பிறகுதான் வந்தது.

இன்று பாகூர் பஸ்ஸில் வரும்போது வயல்களெல்லாம் நடவுக்கு உழுது தண்ணீர் கட்டிக் கிடந்தன. உச்சி வெயில் தண்ணீரில் பட்டு ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். நான் திரும்பவில்லை. இதைப் பார்த்துக்கொண்டுதானே நீ நாளெல்லாம் குனிந்து நின்றாய் என்று, நீர் கொட்டும்வரை பார்த்தேன்.

உனக்குக் கண்ணில் பிரஷர் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னபோது நான் கூடவே இருந்தேன். டாக்டர் உன் இமையை விரித்துப் பிடித்து, சுற்றி நின்ற மாணவர்களுக்கு இங்கிலீஷில் விளக்கினார். உன் கண்ணைப் பற்றி அந்த அறையில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. உனக்குத் தெரியாது. லேசர் மிஷின் அப்போதுதான் வந்திருந்தது. வலக்கண்ணுக்கு வைத்தார்கள். இன்னொரு கண்ணுக்கும் வைக்கணும், அடுத்த மாசம் வாம்மா என்றார்கள். தமிழில் உனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கத்தி இல்லை, ரத்தம் இல்லை, சினிமா கொட்டாய் மாதிரி லைட்டு அடித்து அனுப்பிவிட்டார்கள் என்று பஸ்ஸில் வரும்போது சிரித்தாய்.

வயலில் இறங்கிய பிறகுதான் அது வந்தது. குனிந்தால் வலக்கண்ணில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு, எரிகிற டியூப்லைட் துண்டு போல. கையெல்லாம் சேறு என்பதால் மணிக்கட்டால் மேலிமையைத் தூக்கிப் பிடிப்பாய். கோடு மறையும். நாற்றை ஊன்றக் கையை எடுத்தால் திரும்ப வந்து நிற்கும். உன் வரிசை கோணியது. நீ பின்தங்கினாய். பின்தங்குகிறவளைச் சுற்றி நாற்றை நட்டு, வெளியே வர வழியில்லாமல் நடுவில் நிறுத்திவிட்டுச் சிரிப்பது நடவு ஆட்களின் கேலி. புதிதாக வேலைக்கு வரும் பெண்களை அப்படி நிறுத்துவார்கள். அந்தக் கூட்டத்திலேயே வேகமான கை உன்னுடையது. உன்னை நிறுத்தினார்கள்.

ஆள் கூட்டிப்போகிற அம்மா வரப்பில் நின்று, “இன்னாடி, காத்தாலயே சாராயக்கடைக்குப் போய்ட்டு வந்துட்டியா?” என்று கேட்டாளாம். மறுநாள் உன்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. இதை நீ சிரித்துக்கொண்டுதான் சொல்ல ஆரம்பித்தாய். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

அடுத்த மாசம் வந்தது. போயே ஆகணும் என்று சண்டை போட்டேன்.

“நல்லா இருக்கிற ஒரு கண்ணுலயும் கோடு போட்டுகினு வரச் சொல்றியாடா?” என்றாய்.

அந்தக் கோடு எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் டவுனில் விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

பொங்கல் முடிந்த வாரம் உன் இடக்கண் சிவந்து, தலை பிளக்க, வாந்தி எடுத்தாய். பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது பிரஷர் ஏறி அந்தக் கண் போய்விட்டிருந்தது. காலத்தோடு ஏன் வரவில்லை என்று உன்னைத்தான் திட்டினார்கள். அந்தக் கோடையில் கரியமாணிக்கம் ரோட்டைக் கடந்து கடைக்குப் போன உனக்கு, இடப்பக்கம் வந்த கரும்பு டிராக்டர் தெரியவேயில்லை. பார்த்து நடந்திருக்கக் கூடாதா என்று பாடைக்குப் பக்கத்திலேயே பேசினார்கள், அக்கா.

கருமாதி முடிந்ததும் அதே டாக்டரிடம் போனேன். வெள்ளைக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“அதுவா? லேசர் போட்ட சின்ன ஓட்டை வழியா வர்ற வெளிச்சம். சில பேருக்கு அப்படித் தெரியும். கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்பட வேணாம்.”

எவ்வளவு நிதானமாக, எவ்வளவு நல்ல தமிழில் சொன்னார் தெரியுமா? மூச்சு விடுகிற நேரம்தான் ஆனது. அதை நீ கேட்டிருந்தால் இடக்கண்ணுக்கும் போயிருப்பாய். இப்போது அந்த வார்த்தைகள் என்னிடம் இருக்கின்றன. பஸ்ஸில், ரோட்டில், சோற்றுத் தட்டின் முன்னால், அதே நிதானத்தில் கேட்கின்றன. கொடுக்க நீதான் இல்லை.

பக்கத்து ஸ்டூலில் ஒரு அம்மா லேசருக்குக் காத்திருந்தாள். காலில் சேறு காய்ந்திருந்தது. நான் டாக்டரிடம் சொன்னேன்:

“எங்கிட்ட சொன்னத இந்த அம்மாகிட்டயும் சொல்லுங்க சார். நான் நிக்கிறப்பவே சொல்லுங்க.”

அவர் என்னைத் தாண்டி நர்சைப் பார்த்தார். அந்த அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விடச் சொன்னார்.